தரை காயாத வீடு

என் ராசாவுக்கு,

இதை நீ வாசிக்கிறபோது உனக்கு மீசை முளைத்திருக்கும். தனி வீடு, தனி அடுப்பு என்று ஆகியிருக்கும். இப்போது உனக்கு மூன்று வயது நடக்கிறது. நாலு அடி தள்ளிப் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். உன் அத்தை பாளையங்கோட்டைக்கு வண்டியேறிப் போய் இன்றோடு பதினோரு நாள். போன அன்றே எழுதியிருக்க வேண்டியது. பேனாவை எடுப்பதும் மூடிவைப்பதுமாகவே இத்தனை நாளும் போய்விட்டது. உன் முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் புரிகிற வயது இப்போது உனக்கு இல்லை, புரிகிற வயது உனக்கு வரும்போது சொல்லுகிற தைரியம் எனக்கு இருக்குமோ என்னவோ. ஆகவே எழுதிவைக்கிறேன். அதற்கு முன் இந்த வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே. எல்லாரும் சிரித்தாகிவிட்டது, நீயாவது சிரிக்காமல் கேள்.

உன் அப்பாவுக்கு உப்பு இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம். திருச்செந்தூருக்கு வடக்கே, உப்பளங்களை ஒட்டிய இந்த ஊருக்கு மாற்றலாகி நாங்கள் வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே காலையில் தரையைக் கழுவிவிட்டால், வீட்டில் எல்லாரும் ஜெபம் முடித்து எழுந்திருக்குமுன் காய்ந்துவிடும். இங்கே கடல் கூப்பிடு தூரம். காரைத் தரை, சிப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர், கொல்லையில் ஒரு கிணறு. வந்த முதல் மாதமே பெட்டிக்குள் வைத்த கல்யாணப் பட்டில் புள்ளி புள்ளியாய்ப் பூசணம் வைத்தது. என் கல்லூரிப் புத்தகங்களின் அட்டை பச்சை பூத்தது. தரை எந்நேரமும் வியர்த்துக் கிடந்தது. நடந்தால் உள்ளங்காலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பாயைச் சுருட்டினால் அடியில் பாயின் அச்சு அப்படியே கறுப்பாய்ப் பதிந்திருக்கும். அந்தப் பாயில்தான் நீ படுத்தாய்.

நான் கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்தவள். சுகாதாரப் பாடத்தில் என்னைவிட அதிக மார்க்கு எங்கள் வகுப்பில் யாரும் வாங்கியதில்லை. அழுக்கிருந்தால் நோய் வரும், கழுவினால் அழுக்குப் போகும். அந்தப் பாடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஆகவே கழுவினேன். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைக்குமுன் ஒரு தரம். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். உன் அத்தைக்கு எழுதி, பாளையங்கோட்டையிலிருந்து பினாயில் வரவழைத்து அதையும் கலந்தேன். கழுவிய தரை மறுபடி வியர்க்கும். வியர்க்கிறதே என்று மறுபடி கழுவுவேன். தண்ணீர் இறைக்கவும் பெருக்கவும் செல்லத்தாய் என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். "நல்லாத்தானம்மா இருக்கு, பெருக்குனாப் போதாதா? ஒரு நாளைக்கு மூணு வாட்டி இதைக் குளிப்பாட்டணுமா?" என்றாள் ஒருநாள். சோம்பேறி என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அதன் பிறகு நானே இறைத்தேன். உள்ளங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்தது. இந்த ஊரிலேயே சுத்தமான வீடு என் வீடு என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

உனக்கு முதல் இளைப்பு வந்தது அந்த வருஷத்து ஐப்பசி மழையில். மூச்சு உள்ளே போகும்போது கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழும். வெளியே வரும்போது சீழ்க்கை அடித்தாற்போல ஒரு சத்தம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் போனார். சாம்பிராணி போடச் சொன்னவர்கள் உண்டு. போட்டேன், இன்னும் மோசமானது. வேப்பிலைப் புகை போட்டேன், அதுவும் அப்படியே. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் புகை போடாதே, யார் சொன்னாலும் கேட்காதே. புழுக்கத்திலும் இளைத்தது, பனியிலும் இளைத்தது. ஒவ்வொரு தரமும் நான் இன்னும் ஒரு வாளி அதிகமாக ஊற்றினேன்.

உன் அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் பிள்ளையில்லை. மாமா வாத்தியார், வீட்டில் இரண்டே பேர், வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். நீ பிறந்த மூன்றாம் நாள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கீழே விடவேயில்லை. பால் கொடுக்க நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உனக்கு இரண்டாம் வருஷமும் இளைக்கத் தொடங்கியதும் அத்தை அப்பாவுக்கு எழுதினார், பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிடும்படி. கொஞ்ச நாளைக்கு என்று எழுதவில்லை. படிப்பு முடிகிறவரைக்கும் என்று எழுதியிருந்தார். அப்பா சரியென்று பதில் போட்டுவிட்டு, அதன் பிறகு என்னிடம் சொன்னார்.

"என்னையக் கேக்காம எப்படி எழுதுனீங்க?" என்றேன்.

"அக்கா கேக்கா. டாக்டரும் அதைத்தான சொல்லுதாரு. இல்லைன்னு எப்படி எழுத?"

"புள்ளையப் பெத்தது யாரு?"

"நீதான். அதனாலதான் அவன் மூச்சுவிடட்டும்ன்னு சொல்லுதேன்" என்றார்.

மார்கழி கழிந்ததும் உன்னைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. யோசித்துப் பார். என் வீடு, என் பிள்ளை, என் கை. முடிவு மட்டும் கடிதத்தில் போய்க் கடிதத்தில் வந்தது.

அந்த இரண்டாம் வருஷத்து ஐப்பசியில் ஒருநாள் நீ நடுக்கூடத்தில் உட்கார்ந்து, விரலைத் தரையில் தேய்த்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய். வைக்காதே என்றேன். மறுபடி வைத்தாய். முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அழுதுகொண்டே மூன்றாம் தரமும் வைத்தாய். ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உப்பு குமாஸ்தா மவன்லா, சரக்கு நல்ல சரக்கான்னு பாக்கான். அவனைப் போயி அடிக்கியே" என்றார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. அவர் உள்ளே போனதும் நான் குனிந்து, தரையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பளத்து உப்பே தோற்றுப்போகும், அப்படிக் கரித்தது.

மறுநாள் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வற்ற வற்ற ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் பானையின் அடியில் ஒரு கைப்பிடி வெள்ளையாய் உறைந்து நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார். "ஏளா, வீட்டுல உப்பா காய்ச்சுதே? இலாகாவுக்குத் தெரிஞ்சா மொத விலங்கு என் கைக்குத்தான்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "இது நம்ம கிணத்துத் தண்ணி. ரெண்டு வருஷமா நாளைக்கு மூணு தரம் இதைத்தான் தரையில ஊத்துதேன். தண்ணி காஞ்சு போயிரும், உப்பு எங்க போவும்? மழைக்காலத்துல உங்க ஆபீஸ் மூட்டையெல்லாம் என்ன செய்யும்?"

"கசியும்."

"தரையும் அதைத்தான் செய்யுது."

கூடத்து மூலையில் ஆள் நகர்த்த முடியாத தேக்குப் பெட்டி ஒன்று உண்டு. அதை இரண்டு பேருமாக நெம்பித் தள்ளினோம். வந்த நாள் முதல் அதன் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. அந்த இடம் மட்டும் சாக்பீஸ் மாதிரி வெளுத்து, கைக்கு உலர்வாய் இருந்தது. தூசி இருந்தது, செத்த கரப்பான் இரண்டு இருந்தன. ஈரம் இல்லை, பூசணம் இல்லை. நான் தொடாத இடம் ஒன்றுதான் அந்த வீட்டில் நன்றாயிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாசிக்கும்போது உனக்கு இது சின்ன விஷயமாய்த் தோன்றும். இரண்டு வருஷம் என் கையாலேயே உனக்கு அந்த ஈரத்தை ஊற்றி வளர்த்திருக்கிறேன். எனக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி நான் செய்ததைச் சொல்லுகிறேன்; கடற்கரையில் உனக்கு வீடு அமைந்தால் உதவும். உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீர் இங்கே வாய்க்காலிலிருந்து தலைச்சுமையாய் வருகிறது, அதைத் தரையில் ஊற்ற மனம் வராது. ஆகவே மழைக்குக் காத்திருந்தேன். இரண்டு நாள் விடாமல் பெய்தபோது அண்டா, குடம், வாளி, அரிசி களைகிற சட்டி வரைக்கும் மாடித் தூம்புக்குக் கீழே வைத்துப் பிடித்தேன். மழைத் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, அந்தத் தண்ணீர் தரையில் நிற்காமல் உடனே வெளியே தள்ளி, பழைய வேட்டியால் ஒற்றி எடுக்க வேண்டும். நாலு தரம் செய்தேன். கொட்டுகிற மழையில் வீட்டைக் கழுவுகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி அப்பாவிடம், "வீட்டுல ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே வே?" என்று விசாரித்தாராம்.

அதன் பிறகு தரைக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. ஈர்க்குமாறால் பெருக்குவதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உமிக்கரியைத் தூவித் தேய்த்து அள்ளிவிடுவேன். வாரத்துக்கு ஒரு நாள், குடிதண்ணீரில் நனைத்து நன்றாய்ப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். சுவரின் அடியில் உவர் பூத்து உதிர்கிறதல்லவா, அதை ஈரத் துணியால் துடைத்தால் திரும்பச் சுவருக்குள்ளேதான் போகும். உலர்ந்த நாரால் தட்டி முறத்தில் வாங்கி வெளியே கொட்ட வேண்டும். ஓலைக் கொட்டான்களில் அடுப்புக்கரியை நிரப்பி மூலைக்கு ஒன்றாய் வைத்தேன். அது ஈரத்தைக் குடிக்கும், வெயில் கண்ட நாளில் வெளியே காயப்போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல்களை உச்சி வெயிலில் திறந்து, கடலிலிருந்து காற்று திரும்புகிற நேரத்தில் சாத்தினேன். பினாயில் வாடை வந்தாலே உனக்கு நெஞ்சு இறுகியதை அப்புறம்தான் கவனித்தேன், அந்தப் போத்தலைத் தூரப் போட்டேன். இதற்கெல்லாம் கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, எல்லாம் அடுப்படியில் கிடப்பதுதான்.

செல்லத்தாயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை என்றேன். அவள் விழித்தாள். "எனக்கு என்னம்மா தெரியும்? எனக்கு இடுப்பு வலி, தண்ணி எறைக்க முடியல. அதான் சொன்னேன்" என்றாள். பிறகு, "இப்ப எறைக்க வேண்டாம்ன்னா வாரேன்" என்று வந்துவிட்டாள்.

கார்த்திகை முடிவதற்குள் தரை உள்ளங்காலில் ஒட்டுவதை விட்டது. பாய்க்கு அடியில் கறுப்பு இல்லை. உனக்கு இருபது நாளாக இளைப்பு வரவில்லை. அத்தைக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன், நாக்கில் வைத்துப் பார்த்ததைக்கூட மறைக்கவில்லை. வந்த பதில் இது: கிறிஸ்துமஸ் கழிந்து வருகிறேன், நாலு நாள் தங்கிப் பார்க்கிறேன், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் உன்னிடமே இருக்கட்டும், இளைத்தால் கூட்டிப் போய்விடுவேன், அப்புறம் நீ அழக்கூடாது. அப்பா அதை வாசித்துவிட்டு, நியாயம்தானே என்றார். என் பிள்ளைக்கு நானே பரீட்சை எழுத வேண்டியது நியாயமாம்.

அத்தை வந்தார். வைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோரமாகவே இரண்டு நாள் வண்டி. உனக்குச் சீனி மிட்டாய், குல்லா, எனக்கு ஒரு பார்சல். முதல் நாளும் இரண்டாம் நாளும் நீ ஆட்டுக்குட்டி மாதிரி ஓடினாய். அத்தை உன் நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம், பிரசவித்திருந்த சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க நான் இரண்டு மணி நேரம் வெளியே போனேன். திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்ததும் பினாயில் வாடை. கூடம் முழுக்கத் தண்ணீர் மினுங்கியது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளக்குமாறும் கையுமாய், முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். செல்லத்தாய் கிணற்றடியிலிருந்து, "நான் சொன்னேம்மா, அவுக கேக்கல" என்றாள்.

"என்ன மைனி பண்ணி வச்சிருக்கீங்க?"

"மூணு நாளாப் பாக்கேன், இந்தத் தரையில ஒரு சொட்டுத் தண்ணி படல. கிறிஸ்தவங்க வீடா இது? நீ எப்பவும் கேப்பியேன்னு பினாயில் வேற வாங்கிட்டு வந்தேன், நீ பார்சலைப் பிரிக்கவே இல்ல."

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எழுதுனேன்லா?"

"எழுதுன. தரைய நக்கிப் பாத்தேன்னும் எழுதுன. அதை எங்க வீட்டு வாத்தியார்கிட்ட வாசிச்சேன், ரெண்டு பேரும் சிரிச்சு முடியல. படிச்ச புள்ள ஏதோ கிண்டலுக்கு எழுதுதுன்னு நெனச்சேன்."

நான் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். "நீங்க வந்தது தரையப் பாக்கவா, புள்ளையக் கொண்டுட்டுப் போகவா? நேராச் சொல்லிருங்க மைனி. என் வீட்டைக் கெடுத்துத்தான் கொண்டுட்டுப் போவணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்தது. விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டிலிருந்த குடிதண்ணீரையெல்லாம் ஊற்றி, படுக்கை விரிப்புகளால் ஒற்றினேன். மேகமூட்டமாயிருந்தது, தரை காயவில்லை.

இனி அந்த விஷயம்.

மறுநாள் காலை, பொழுது நன்றாக விடிந்த பிறகு, நான் காப்பிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தில் நீ எழுந்து உட்கார்ந்தாய். அந்தச் சீழ்க்கைச் சத்தம் வந்தது. நான் அடுப்படி வாசலுக்கு வந்து பார்த்தேன். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள் இரண்டும் ஏறி இறங்க, நீ என்னைப் பார்த்தாய். கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு பெயர் சொல்லி மழுப்ப நான் விரும்பவில்லை. தரைதான் காரணம், நான் சொன்னது சரி, இனி யாரும் சிரிக்க முடியாது என்று என் நெஞ்சு குளிர்ந்தது. உன்னிடம் ஓடவில்லை. திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தேன், அத்தை வரட்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. நீ எத்தனை மூச்சு அப்படித் தனியாய் இழுத்தாயோ, நான் எண்ணவில்லை. அத்தை ஈர முகத்தோடு ஓடிவந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. உன்னை வாரி எடுத்து, முன்வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மடியில் நிமிர்த்தி வைத்து முதுகைத் தடவினார். "பைய விடு ராசா, பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் உனக்கு மூச்சு அடங்கியது. நான் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாரும் செய்வதைப் போல.

அன்று மத்தியானமே அத்தை வண்டி பேசச் சொன்னார். உன்னுடைய சட்டைகளை எடுத்துக் கட்டிவிடுவார் என்று நான் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் துணிகளை மட்டும் கட்டினார். உன்னை என் இடுப்பில் வைத்துவிட்டு, "தப்பு எம்மேலதான். நல்லா இருந்த புள்ளைய நான்தான் கெடுத்துட்டேன். நீயே வச்சுக்க. ஒன் கையிலதான் அவன் நல்லா இருப்பான்" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை மைனி, மேகமாய் இருந்தது, காற்றும் மாறியிருந்தது, எதனால் என்று எனக்கும் நிச்சயமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உன்னைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். வண்டி போயிற்று.

அப்பா இப்போது ஆபீஸில் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லித் திரிகிறார். அதைக் கேட்டு யாரோ ஒருவர் வீட்டிலும் தரையை நக்கிப் பார்த்தார்களாம். தரை காய்ந்திருக்கிறது, உனக்கும் இளைப்பு இல்லை. எனக்கு மட்டும் எதைத் தொட்டாலும் எரிச்சல் வருகிறது. ஊரெல்லாம் என்னைச் சரி என்கிறபோது, நான் செய்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நானாக இருக்கிறேன். நீ வளர்ந்த பிறகு பாளையங்கோட்டைக்குப் போனால், முதலில் அத்தை வீட்டுக்குப் போ. அந்த வீட்டில் உன்னை நேசிப்பதற்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்காது. அவரிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. நான் உயிரோடிருந்தாலும் காட்டு. உனக்கு மூச்சு முட்டிய அன்று உன்னை முதலில் தூக்கியவர் அவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னைப் பெற்றவள்